அலங்காரப் பிரெயிலை விரலால் படிக்க முடிய வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பார்வையற்றோர் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் புள்ளிகளை அலங்காரமாக வைத்து டி-சர்ட், கைப்பை, சங்கிலி டாலர் செய்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மருமகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். படங்களையும் ஒவ்வொன்றாக விவரித்தாள். கோலப்புள்ளி போலக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பதாக ஒரு வடிவமைப்பாளர் அதில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தச் சட்டையைப் பிரெயில் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டதாகக் கட்டுரை முழுவதிலும் ஒரு வரி கூட இல்லை. நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். பிரெயிலில் படித்து, பிரெயிலில் பாடக்குறிப்பு எழுதி, அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கேட்காமல் விட்ட அந்தக் கேள்விக்குப் பதிலை நானே எழுதி அனுப்புகிறேன்.

பிரெயில் அலங்காரமாவதில் எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு படித்த தோழிகள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "நமக்குச் சோறு போட்ட எழுத்தை விளையாட்டுப் பொருளாக்குகிறார்கள்" என்று தொலைபேசியில் குமுறுகிறார்கள். அவர்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் நான் அந்தப் பக்கம் இல்லை. குறளை முந்தானையில் நெய்கிறோம், 'ஓம்' என்று மோதிரத்தில் பொறிக்கிறோம், லாரியின் நெற்றியில் குலதெய்வத்தின் பெயரை வளைத்து வளைத்து எழுதுகிறோம். எழுத்தை அழகு பார்ப்பது நமக்கு இயல்பு. அப்படியிருக்க, என் எழுத்து மட்டும் லிஃப்ட் பொத்தானிலும் வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஓரத்திலும் ஒடுங்கிக் கிடக்க வேண்டுமா? சேலைக் கரையில் ஏறட்டும், கல்யாணப் பத்திரிகையில் ஏறட்டும். ஏறும்போது எழுத்தாகவே ஏற வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

இப்போது நடப்பது அப்படி இல்லை. என் பேரனுக்கு வேண்டிய பையன்கள் பனியன் கடைகளில் மிச்சச் சரக்காக வரும் டி-சர்ட்களை வாங்கிப் போடுகிறார்கள். பிரெயில் போட்டது கிடைத்தால் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். ஒன்றில் புள்ளிகள் வெறும் சாயம். விரலுக்குத் துணிதான் கிடைத்தது. இன்னொன்றில் புள்ளிகள் நன்றாகவே எழும்பி நின்றன, தடவுவதற்கும் இதமாக இருந்தன, ஆனால் ஓர் எழுத்தைக் கூடப் பிரித்தெடுக்க முடியவில்லை. அந்தச் சட்டையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் செய்தவர் அக்கறையோடுதான் செய்திருக்கிறார். இடறியது ஒரே ஒரு மில்லிமீட்டரில்.

பிரெயிலில் ஓர் எழுத்து என்பது ஆறு புள்ளிகளுக்கு இடம் உள்ள ஒரு கட்டம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் அதே வரிசையில் 4, 5, 6. எந்த இடத்தில் புள்ளி இருக்கிறது, எந்த இடம் காலி என்பதுதான் எழுத்து. ஒரே கட்டத்துக்குள் ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்த புள்ளியின் நடுவுக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டர். ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் தொடங்கும் இடத்தில் அந்த இடைவெளி சுமார் 3.5. இந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில்தான் விரல் ஓர் எழுத்தை மற்றோர் எழுத்திலிருந்து பிரித்து அறிகிறது. கணினியில் அமர்ந்து வரைகிறவருக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒழுங்கின்மையாகத் தெரிகிறது. எல்லா இடைவெளியையும் சமமாக்கிவிடுகிறார். கண்ணுக்கு வரிசை அழகாகிவிடுகிறது, எழுத்து அழிந்துபோகிறது.

'அம்மா' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சட்டைக்கும் டாலருக்கும் அதிகம் கேட்கப்படும் சொல் அதுவாகத்தான் இருக்கும். 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட பாரதி பிரெயிலில் அதற்கு ஐந்து கட்டம், மொத்தம் பதினொரு புள்ளி. முதல் கட்டத்தில் அ: இடப்பக்க உச்சியில் ஒரே ஒரு புள்ளி. அடுத்த கட்டத்தில் வலப்பக்க உச்சியில் ஒரு புள்ளி. வரப்போகும் எழுத்து மெய்யெழுத்து என்று அறிவிக்கும் புள்ளி அது. அச்சுத் தமிழில் எழுத்தின் தலைமேல் வைப்பதை நாங்கள் எழுத்துக்கு முன்னால் வைக்கிறோம். பிறகு ம: இடப்பக்கம் மேலும் கீழும், வலப்பக்கம் மேலே. மறுபடி அதே ம. கடைசிக் கட்டத்தில் ஆ: இடப்பக்கம் கீழே ஒன்று, வலப்பக்கம் மேலும் நடுவிலும். இதில் முதல் இரண்டு கட்டங்களைப் பாருங்கள். இரண்டிலும் ஒற்றைப் புள்ளிதான். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். இடைவெளியைச் சமமாக்கினால் எது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே பதினொரு புள்ளிகள் இந்தியிலும் 'அம்மா' என்றே படிக்கப்படும். பாரதி பிரெயிலின் அருமை அது. வடக்கே சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இது வியாபாரத்துக்கும் நல்லது.

வேறு சில பிழைகளையும் அடிக்கடி தொட்டுவிட்டேன். கட்டத்தின் வடிவம் தெரியட்டும் என்று காலி இடங்களில் சின்ன வளையம் போடுகிறார்கள். காகிதத்தில் அது விளக்கப்படம், சரிதான். அந்த வளையத்தையும் மேடாக அச்சிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு புள்ளி இருப்பதாகவே விரல் சொல்லும். தாளில் அடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றும் டிரான்ஸ்பர் பிரிண்டில், கண்ணாடியில் தெரிவதுபோலப் படத்தை இடம் வலமாகக் கவிழ்த்து எடுப்பார்களாம். கவிழ்க்க மறந்து தமிழ் எழுத்தை அடித்தால் அடிக்கிற பையனே கண்டுபிடித்துவிடுவான். பிரெயில் கவிழ்ந்தால் செக்கிங்கில் இருக்கும் பெண் முதல் கம்பெனி முதலாளி வரை ஒருவருக்கும் தெரியாது. சிலேட்டில் எழுத்தாணியால் குத்தும்போது தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இ கவிழ்ந்தால் ஏ ஆகிறது. அ கவிழ்ந்தால் அந்த மெய்ப்புள்ளி ஆகிறது. தமிழுக்கு 247 கட்டம் தேடி அலைகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. க-வை எழுதி அடுத்த கட்டத்தில் எ-யை எழுதினால் அதுதான் கெ. ஒலிக்கிற வரிசையிலேயே எழுத்து வரும், கொம்பை முன்னால் இழுக்கிற வேலை இல்லை.

டாலர் செய்கிற நகைத் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. கோயம்புத்தூரில் நுணுக்கமான பொன்வேலைக்குப் பஞ்சம் இல்லை. பெயரின் முதல் எழுத்தைப் பிரெயிலில் பொறிக்கச் சொல்லி யாராவது வந்து, அந்த எழுத்து அ-வாக இருந்தால், வட்டத் தகட்டில் ஒரே ஒரு முத்துதான் நிற்கும். அது எந்த இடத்துப் புள்ளி என்று அறிய விரலுக்குப் பக்கத்துணை எதுவும் இருக்காது. முழுப் பெயரையும் எழுதுங்கள். இல்லையென்றால் தகட்டை நீள்சதுரமாக வெட்டி, புள்ளியை அதன் இட மேல் மூலையில் வையுங்கள், விளிம்பை வைத்துப் படித்துக்கொள்வோம். வைரக்கல்லாக வைப்பதானால் முனை மழுங்கியிருக்கட்டும். நாங்கள் அழுத்திப் படிப்பதில்லை. மேலாக நீவிக்கொண்டு போவோம். கூரான கல் விரலைக் கீறும்.

திருப்பூரில் இருந்துகொண்டு இதையெல்லாம் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. என் தம்பி காங்கேயம் சாலைப் பக்கம் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். கட்டுரை வருவதற்கு முன்பே அவனிடம் ஒரு கம்பெனியின் பிரெயில் டிசைன் வந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எழுத்தே இல்லை, சாமி" என்றேன். "அக்கா, ஆர்ட்வொர்க் எப்படி வருகிறதோ அப்படியே அடிப்பதுதான் ஜாப் ஒர்க். அரை மில்லிமீட்டர் நகர்த்தினாலும் சரக்கைத் திருப்பிவிடுவார்கள்" என்றான். இருந்தாலும் கேட்டுப் பார்த்தான். கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பையன் சொன்ன பதில், "யார் அண்ணா இதைத் தொட்டுப் படிக்கப் போகிறார்கள்?" என்பது. அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. அவனிடம் இருந்த தாளில் நிறத்துக்கு எண் இருந்தது, அளவுக்கு எண் இருந்தது, சலவைக்குக் குறிப்பு இருந்தது. புள்ளிகள் என்ன சொல்கின்றன என்பதற்கு மட்டும் ஒரு கட்டம் கூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசைகள் காலியாக இருந்தபோது நானும் தம்பியும் சேர்ந்து செய்து பார்த்தோம். அடிப்பது அவன், தொட்டுச் சொல்வது நான். முதலில் பஃப் பேஸ்ட். அது சூட்டில் உப்பும் சரக்கு. உயரம் அருமையாக வந்தது, ஆனால் புள்ளிகள் பக்கவாட்டிலும் பரந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. ம-வில் மூன்று புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொழுக்கட்டை கிடந்தது. பிறகு தடித்த ஃபிலிம் ஒட்டிய ஸ்கிரீனில் உப்பாமல் தடிமனாக நிற்கும் ஹை டென்சிட்டி பேஸ்ட்டை ஒரு இழுப்பு இழுத்து, சற்றே உலரவிட்டு, அதன்மேலேயே இன்னொரு இழுப்பு இழுத்தான். கடைசியாக 160 டிகிரிச் சூட்டில் இறுக வைக்கும் கியூரிங். சூடு ஆறியதும் விரலை வைத்தேன். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக நின்றது, அரை மில்லிமீட்டருக்குக் குறையாத உயரம், உதிராத ஓரம். பனியனுக்குப் பயன்படும் சிங்கிள் ஜெர்சி என்னும் பின்னல் துணியில் மட்டும், உடுத்தியபின் துணி இழுபடும்போது இடைவெளியும் இழுபட்டது. இழுபடாத நெசவுத் துணியில் அந்தத் தொல்லை இல்லை.

அதனால் சென்னிமலைப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டோம். அதன் ஒரு பக்கக் கரை நெடுகிலும் 'தலைமாடு' என்று திரும்பத் திரும்ப அடித்தான். ஏழு கட்டம், சுமார் நான்கு சென்டிமீட்டர் நீளம், கொஞ்சம் இடம் விட்டு மறுபடி அதே ஏழு கட்டம். கருஞ்சிவப்பு விரிப்பில் மஞ்சள் புள்ளிகள் என்றாள் மருமகள். விரிப்பை எந்தப் பக்கம் திருப்பி விரிக்க வேண்டும் என்று நான் யாரையும் கேட்பதில்லை, கரையைத் தொட்டால் போதும். சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது, இந்த டிசைன் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று கேட்டார்கள். அவர்களுக்கு அது கரைவேலை, எனக்கு அது வாசகம். ஒரே பொருள் இரண்டு பேருக்கும் முழுமையாகப் பயன்பட்டது. இஸ்திரிப் பெட்டியை நேராகப் புள்ளிமேல் வைக்காமல் திருப்பிப் போட்டுத் தேய்க்க வேண்டும், பராமரிப்பு அவ்வளவுதான்.

எங்கே வைப்பது என்பதையும் வடிவமைப்பவர்கள் யோசிக்க வேண்டும். நெஞ்சில் எழுதினால் யார் படிப்பது? அயலார் நெஞ்சை நான் தடவ முடியுமா? உடுத்தியவரே படிக்கும்படி வையுங்கள். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டி நல்ல இடம். இடக்கைப் பட்டியில் எழுதி வலக்கை விரலால் படிக்கலாம். அப்போது எழுத்து உடுத்தியவரை நோக்கி இருக்க வேண்டும், எதிரில் நிற்பவரை நோக்கி அல்ல. சட்டையின் கீழ்மடிப்பில், பாக்கெட் மூடியில் வைக்கலாம். கழுத்து லேபிளில் 'நீலம்' என்றோ 'வெள்ளை' என்றோ நிறத்தை எழுதினால் எங்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. கோரா காட்டனின் விறைப்பையும் ஜரிகையின் சொரசொரப்பையும் வைத்துச் சேலையை அடையாளம் காண்பேன். ஒரே துணியில் ஒரே தையலில் பச்சையும் ஊதாவும் இருந்தால் யாரையாவது கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

கட்டடங்களில் வைக்கிறவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் பிரெயில் வைத்த வரவேற்பறை ஒன்றில் நின்றிருக்கிறேன். எட்டடி உயரத்தில் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். மேற்குப் பார்த்த சுவரில் எவர்சில்வர் தகட்டில் அருமையாகப் பொறித்து வைத்திருந்தார்கள் ஓரிடத்தில். அக்கினி நட்சத்திர வெயிலில் அதன்மேல் விரல் வைக்க முடியவில்லை. மரத்தில் செய்யுங்கள், அல்லது நிழலில் வையுங்கள்.

பிரெயிலைக் கண்ணுக்கும் விரலுக்கும் சேர்த்துச் செய்தவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 2003-இல் ஹெலன் கெல்லர் உருவம் பொறித்த அலபாமா மாநிலக் கால் டாலரில் அவர் பெயர் பிரெயிலிலும் இருந்தது. இந்த எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் பிறந்ததன் இருநூறாவது ஆண்டு நிறைவான 2009-இல் வெளியிட்ட வெள்ளி டாலரில், விரலால் படிக்கக்கூடிய அளவிலேயே புள்ளிகளைப் பொறித்தார்கள். விளையாட்டுக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனம் 2020-இல் பிரெயில் கட்டைகளைக் கொண்டுவந்தது. கட்டையின் தலையில் வழக்கமாக இருக்கும் குமிழ்களையே பிரெயில் எழுத்தாக அமைத்து, அதன் அருகிலேயே அச்செழுத்தையும் போட்டார்கள். பார்வையுள்ள குழந்தையும் இல்லாத குழந்தையும் ஒரே கட்டையை வைத்து விளையாடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துப் பெட்டிகளில் மருந்தின் பெயர் பிரெயிலில் இருந்தே ஆக வேண்டும் என்று 2004-இல் சட்டம் செய்தார்கள். அட்டைப்பெட்டியில் புள்ளி எழுப்புவது நம் ஊர் அச்சகங்களுக்குப் பெரிய வித்தை இல்லை, பத்திரிகையில் பிள்ளையார் உருவத்தை எழுப்புகிற அதே வேலைதான்.

லூயி பிரெயில் ஒரு பட்டறை வீட்டுப் பிள்ளை என்பதையும் நம் தொழிற்காரர்கள் அறிய வேண்டும். அவர் தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். பாரிஸ் நகருக்கு அருகில் கூப்வ்ரே என்னும் ஊர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசி கண்ணில் பட்டு, அந்தப் புண் மற்றக் கண்ணையும் கெடுத்தது. பதினைந்து வயதிலேயே, 1824-இல், இந்த ஆறு புள்ளி முறைக்கு உருக்கொடுத்துவிட்டார். 1829-இல் அதை நூலாக வெளியிட்டார். தொட்டுப் படிக்கவென்று பார்பியே என்பவர் அமைத்திருந்த பன்னிரண்டு புள்ளி முறையை, ஒரே தொடலில் விரல்நுனிக்குள் அடங்கும்படி பாதியாகக் குறைத்தார். விரல்நுனியை அளவுகோலாக வைத்து வடிவமைக்கப்பட்ட எழுத்து இது. அதனால்தான் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் கெட்டுப்போகிறது.

கம்பெனிக்காரர்களிடமும் வடிவமைப்பாளர்களிடமும் நான் கேட்பது சாம்பிள் நிலையில் ஒரு வேலையை மட்டும்தான். ஸ்கிரீன் எடுப்பதற்கு முன் பிரெயில் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் மாதிரியைக் கொடுங்கள். சொல்ல வேண்டிய வாசகத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். அவர் படித்துச் சொல்வது உங்கள் வாசகத்தோடு ஒத்துப்போனால் ஆர்டரை ஓட்டுங்கள். அதற்குக் கூலி கொடுங்கள். எம்பிராய்டரி டிசைன் போட்டுத் தருபவருக்குக் கொடுப்பதுபோல முறையாகப் பில் போட்டுக் கொடுங்கள். சேவை என்றோ ஊக்கத்தொகை என்றோ சொல்லி ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்ப வேண்டாம். பிரெயிலில் தேர்ந்த இளைஞர்கள் ஈரோட்டிலும் சேலத்திலும் கோவையிலும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் படித்தவர்களிலேயே எனக்குச் சிலரைத் தெரியும். உங்கள் கண்ணுக்குப் படாத பிழையை அவர்கள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய பொருள்களின் படத்தை வெளியிடும்போது, புள்ளிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று படத்தின் கீழே ஒரு வரி போடுங்கள். செய்தவரால் அதைச் சொல்ல முடியாவிட்டால், சொல்லும் வரை படத்தை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.